புளியங்கொட்டைப் புள்ளிகள்

'வடிவமைப்பு' என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருடைய நினைவில் எழுபவை பெருநகரங்களின் கண்ணாடி மாளிகைகளும், கணினித் திரையின் முன்னமர்ந்து வண்ணங்களைக் கோக்கும் இளைஞர்களுமேயாம். அஃது ஏதோ படித்தவர்களுக்கும் பணம் படைத்தவர்களுக்கும் உரிய கலை; நம் அடுப்படிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றே எண்ணி விடுகிறோம். சற்றே சிந்தித்துப் பாருங்கள். அஞ்சறைப் பெட்டியில் கடுகு ஓர் அறையிலும் சீரகம் மற்றோர் அறையிலும் இருக்க வேண்டும் என்று முதன்முதலில் எண்ணியவர் யார்? அரிசியை நாவி எடுக்கும் முறத்திற்கு மூன்று பக்கம் விளிம்பு வைத்து, ஒரு பக்கத்தைத் திறந்து விட்டவர் யார்? அவர்தம் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. ஆயினும் அவர்கள் வடிவமைப்பாளர்கள் அன்றோ!

நான் ஒரு மதரஸா ஆசிரியன். கல்லூரியில் வரலாறு பயின்று கலைப் பட்டம் பெற்றவன். பாய் நெய்யும் குடும்பம் ஒன்றில், தாமிரபரணியின் கரையிலே பிறந்து வளர்ந்தவன். பாடம் நடத்தும் நேரம் போக, மணப்பாய்களில் நெய்வதற்குப் பெயர்கள் வரைந்து கொடுப்பதும், திருமண அழைப்பிதழ்களுக்கு ஓரச் சித்திரம் தீட்டுவதும், சிறுவர்க்கான எழுத்து அட்டைகள் செய்வதும் என் வழக்கம். நாற்பதைக் கடந்த இவ்வயதில், "இதற்கெல்லாம் கருத்து எங்கிருந்து கிடைக்கிறது, ஹஜ்ரத்?" என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் விடை ஒன்றுதான்: கண்ணெதிரே கிடப்பவற்றிலிருந்தும், சிறுவர்கள் விளையாடும் விதத்திலிருந்தும். இதனைச் சற்று விரித்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

செம்பும் சுளையும்

நம் நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டுகள் கடந்திருந்த வேளை. இந்தியப் பொருள்களின் தரமும் வடிவமும் உயர என்ன செய்யலாம் என்று ஆராய்ந்து கூறுமாறு, சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியரை நடுவண் அரசு அழைத்தது. அவர்கள் நாட்டின் பல பகுதிகளையும் சுற்றிப் பார்த்து, 1958 ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை அளித்தனர். அதன் பயனாய் 1961 இல் அகமதாபாத்தில் தோன்றியதே தேசிய வடிவமைப்பு நிறுவனம்.

அவ்வறிக்கையில் அவர்கள் மிகவும் வியந்து போற்றிய பொருள் எது என்று நினைக்கிறீர்கள்? அரண்மனையா? கோபுரமா? பட்டாடையா? இவை எவையும் அல்ல. அன்றாடம் நாம் தண்ணீர் மொள்ளும் செம்புதான்! அச்செம்பை ஒருவர் புதிதாக வடிவமைப்பதாயின் எவற்றையெல்லாம் எண்ண வேண்டியிருக்கும் என்று ஒரு நீண்ட பட்டியலே அவர்கள் தந்தனர். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? தூக்குபவரின் கை எத்தகையது? தலையிலா, இடுப்பிலா, கையிலா சுமப்பது? நிறைந்திருக்கும்போதும் வெறுமையாய் இருக்கும்போதும் அதன் சமநிலை எப்படி? சாய்த்து ஊற்றினால் நீர் எவ்வாறு விழும்? உள்ளே கைவிட்டுக் கழுவ முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் எப்படி இருக்கும்? மற்றொரு பாத்திரத்தில் மோதினால் என்ன ஒலி எழும்? இத்தனை வினாக்களுக்கும் விடையாக நிற்கும் செம்பை எந்தத் தனி மனிதரும் உருவாக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பலர் கூடிச் செதுக்கிய வடிவம் அது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதனைப் படித்த அன்று, எங்கள் இல்லத்தில் ஒளுச் செய்யப் பயன்படும் பழைய பித்தளைக் கெண்டியைக் கையிலெடுத்து வெகுநேரம் பார்த்துக் கொண்டிருந்தேன். அதன் மூக்கு குறுகியிருப்பதால் நீர் மெல்லிய இழையாய் வருகிறது. சிக்கனம் தானாகவே அமைந்து விடுகிறது. ஒரு கையால் பிடித்து மறு கையைக் கழுவும் அளவுக்கே அதன் கனம் இருக்கிறது. எத்தனையோ ஆண்டுகள் கையாண்ட பொருளை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்ததுபோல் இருந்தது.

இத்தாலி நாட்டில் புரூனோ முனாரி என்றொரு வடிவமைப்பாளர் இருந்தார் (1907 - 1998). அவர் 1963 இல் வெளியிட்ட சிறு நூலொன்றில் ஆரஞ்சுப் பழத்தை ஒரு தொழிற்சாலைப் பொருளைப் போலவே பாவித்து எழுதினார். சுளைகள் என்பவை ஒரே அளவான சிறு பொதிகள். அவை ஒரு நடு அச்சைச் சுற்றி அடுக்கப்பட்டுள்ளன. மேலே தடித்த தோல், அதன் உட்புறம் அடிபடாமல் காக்கும் மென்மையான வெள்ளைப் படலம் என்றெல்லாம் வேடிக்கையும் அறிவும் கலந்து அவர் விவரிப்பதைப் படித்தால், அடுத்த முறை ஆரஞ்சை உரிக்கும்போது நம் விரல்கள் ஒரு கணம் நிற்கும். படைப்பின் நுட்பத்தைக் கண்டு உள்ளமும் சற்றே தலை தாழ்த்தும்.

வயல் வரப்பில் நடந்து வந்தால் நம் வேட்டியிலும் புடவையிலும் நாயுருவி ஒட்டிக் கொள்கிறது. சலித்துக் கொண்டே பறித்து எறிகிறோம். சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் தெ மெஸ்த்ரால் என்னும் பொறியாளர் 1941 இல் தம் நாயுடன் உலாவி விட்டு வந்தபோது, இதைப் போன்றே ஒட்டிக்கொண்ட ஒரு வகைக் காய்களை எறிந்து விடாமல் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். நுண்ணிய கொக்கிகள் தெரிந்தன. பல ஆண்டு உழைப்பிற்குப் பின் 1955 இல் அவர் காப்புரிமை பெற்ற பொருள்தான், இன்று நம் குழந்தைகளின் காலணியிலும் பையிலும் 'சர்ர்' என்று பிரியும் வெல்க்ரோ. ஒட்டிக்கொண்ட காயைக் கண்டு எரிச்சலடையாமல், 'இது எப்படி ஒட்டுகிறது?' என்று கேட்கும் மனம் குழந்தையின் மனம். அதனைத்தான் நான் விளையாட்டு மனம் என்கிறேன்.

பாயில் ஏறிய எழுத்து

பத்தமடைப் பாயைப் பற்றி வாசகர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நெல்லைச் சீமையில் நம் சமுதாயத்துப் பெண்மணிகளின் விரல்களால் உலகப் புகழ் பெற்ற கைவினை அது. ஆற்றங்கரையில் விளையும் கோரையை அறுத்து, கீறி, உலர்த்தி, ஓடும் நீரில் பல நாள் ஊற வைத்து, மீண்டும் உலர்த்திச் சாயமேற்றுவர். பருத்தி நூலைப் பாவாக நீட்டிக் கட்டி, குறுக்கே ஒவ்வோர் இழையாகக் கோரையைச் செலுத்தி அச்சால் நெருக்குவர். நயம் மிகுந்த பாயைப் பட்டுத் துணிபோல் மடித்து வைத்துவிடலாம். மணமக்களின் பெயர்களை நெய்து திருமணத்திற்குப் பரிசளிப்பது நெடுநாளைய வழக்கம்.

இந்தப் பெயர் நெய்தலில் ஒரு சிக்கல் உண்டு. பாயில் கோடுகள் நெடுக்காகவும் குறுக்காகவும்தான் ஓடும். தமிழ் எழுத்துகளோ வளைந்து நெளிந்து செல்பவை. அதிலும் நம் இல்லத்துப் பெயர்களில் ஜ, ஷ, ஹ, ஸ என்னும் எழுத்துகள் அடிக்கடி வரும். 'ப'வும் 'ட'வும் சதுரத்துக்குள் தாமே வந்து அமர்ந்துவிடும். 'ஜ' மட்டும் எத்தனை முறை வரைந்தாலும் சிலந்தியைப் போல் கால்பரப்பி நிற்கும். கட்டமிட்ட தாளில் வரைந்து வரைந்து அழித்துக் கொண்டிருந்தேன்.

ஒருநாள் மாலை நெல்லைப் புதிய பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். எதிரே வந்து நின்ற பேருந்தின் நெற்றியில் ஒளிப்புள்ளிகளால் ஊர்ப்பெயர் ஓடிக் கொண்டிருந்தது: 'ராஜபாளையம்'. கண்ணிமைக்காமல் பார்த்தேன். அந்தச் சின்னஞ்சிறு விளக்குகளும் கட்டங்களில்தானே அமைந்திருக்கின்றன! எந்தப் புள்ளியை ஏற்றி, எந்தப் புள்ளியை அணைத்து அந்த 'ஜ'வை எழுப்பியிருக்கிறார்கள் என்று எண்ணி எண்ணிப் பையிலிருந்த பேருந்துச் சீட்டின் பின்புறம் குறித்துக் கொண்டேன். எழுத்தின் வளைவு முழுவதையும் காட்ட வேண்டியதில்லை. கண்ணுக்கு அடையாளம் தெரிந்தால் மிச்சத்தை மனமே நிரப்பிக் கொள்ளும் என்னும் உண்மை அன்று எனக்குப் புலனாயிற்று. அருகில் நின்ற பெரியவர், "தம்பி, வண்டி கிளம்பப் போகுது, ஏறலையா?" என்றார். நான் செல்ல வேண்டிய வண்டி அதுவன்று என்று சொன்னபோது அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்!

கட்டுப்பாடு இருக்கும் இடத்தில்தான் விளையாட்டுக்குச் சுவை பிறக்கிறது. பாண்டிக் கட்டம் இல்லாவிட்டால் பாண்டியாட்டம் ஏது? கோடு தாண்டக் கூடாது என்னும் விதியல்லவா அதனை ஆட்டமாக்குகிறது! நெடுக்கும் குறுக்குமாய் ஓடும் பாய் எனக்குத் தடையாகத் தோன்றிய நாள்கள் போய், அதுவே ஆட்டக் களமாக மாறியது அந்தப் பேருந்து நிலையத்தில்தான்.

எழுத்து ஏறாத பிள்ளை

இனி நான் சொல்லப் போவது என் உள்ளத்திற்கு மிக நெருக்கமான ஒரு நிகழ்ச்சி.

மாலை வேளை மக்தபில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் சேர்ந்தான். தகப்பனார் இல்லை. தாயார் கூலிக்குப் பாய் நெய்பவர். பிள்ளை வாய் திறந்து பேசுவதே அரிது. எழுத்துகளைக் காட்டினால் கண் எங்கோ போய்விடும். பகலில் அவன் பயின்ற பள்ளியிலும், 'இவனுக்குப் படிப்பு வராது' என்று சொல்லி விட்டார்களாம். ஒருநாள் அந்தத் தாய் வாசலோரம் வந்து நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டு சொன்னார்:

"ஹஜ்ரத், இவனுக்கு எழுத்து தலையில ஏறல. கடையில கொண்டு விட்டிரலாம்னு பாக்கேன். நாலு காசாவது வரும்லா."

பதினான்கு வயது நிரம்பாத குழந்தையைக் கடையில் வேலைக்கு அமர்த்துவது சட்டப்படி குற்றம் என்பதை அவரிடம் சொன்னேன். சட்டம் பேசிப் பசியாற்ற முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே, "பெருநாள் வரைக்கும் பொறுத்துக்கோங்கம்மா. அதுக்குப் பொறவு பேசுவோம்" என்று தவணை கேட்டேன். அவரும் அரைமனத்தோடு இசைந்தார்.

தவணை வாங்கியாயிற்று. என்ன செய்வது? அச்சிறுவனைக் கவனிக்கலானேன். பாடத்தில் நிலைக்காத அவன் கண், முற்றத்துப் புளியமரத்தடியில் நிலைத்தது. உதிர்ந்த புளியங்கொட்டைகளைப் பொறுக்கி, தரையில் மூன்று மூன்றாய், நான்கு நான்காய் அடுக்கி, கலைத்து, மீண்டும் அடுக்கிக் கொண்டிருப்பான். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அவன் விரல் உடனே அதைத் திருத்தும். எழுத்து ஏறாத பிள்ளைக்குக் கணக்கும் வடிவமும் எவ்வளவு நுட்பமாய் ஏறியிருக்கின்றன!

அன்றிரவு அட்டைப் பெட்டி ஒன்றை வெட்டி நான்கு வடிவங்கள் செய்தேன். ஒன்று தோணி போன்றது. மற்றொன்று வயிறு வளைந்த கொக்கி போன்றது. மூன்றாவது பல்வரிசையும் வாலும் உடையது. நான்காவது திறந்த வாய் போன்றது. மறுநாள் அவற்றைச் சிறுவர்கள் நடுவே வைத்து, கை நிறையப் புளியங்கொட்டைகளைக் கொட்டினேன்.

"இந்தத் தோணிக்குக் கீழே ஒரு கொட்டை வைத்தால் பா. மேலே இரண்டு வைத்தால் தா. மூன்று வைத்தால் ஸா. கொக்கியின் வயிற்றுக்குள் ஒன்று வைத்தால் ஜீம். எடுத்து விட்டால் ஹா. தலைமேல் வைத்தால் கா."

அவ்வாறே பல்வரிசையின் மேல் ஒன்றும் இல்லையேல் ஸீன். மூன்று வைத்தால் ஷீன். திறந்த வாய்மேல் ஒன்றும் இல்லையேல் ஐன்; ஒன்று வைத்தால் கைன். நான்கே அட்டைகளில் பத்து எழுத்துகள்! தொடக்க காலத்து அரபு எழுத்தில் இப்புள்ளிகள் பெரும்பாலும் இடப்படவில்லை. ஒத்த வடிவங்களைப் பிரித்தறிவதற்காகப் பிற்காலத்தில் நிலைபெற்றவை அவை என்பதை வரலாறு பயின்ற காலத்திலேயே படித்திருந்தேன். அந்த வரலாறே இப்போது கொட்டைகளாய்த் தரையில் உருண்டது.

அச்சிறுவன் கூட்டத்தின் ஓரத்திலிருந்து மெல்ல நகர்ந்து முன்னே வந்தான். தோணியின் மேல் இரண்டு கொட்டைகளை வைத்தான். சற்றுத் தயங்கி, மூன்றாவதையும் வைத்தான். பின்பு என்னை நிமிர்ந்து பார்த்து, "ஸா" என்றான். பல வாரங்களாக அவன் வாயிலிருந்து நான் கேட்காத குரல் அது.

"இது என்ன விளையாட்டுக் கூடமா?"

சில நாள்களில் மக்தபின் தரையெங்கும் புளியங்கொட்டைகள். பக்கத்துத் தெருவிலிருந்தும் பிள்ளைகள் வரத் தொடங்கினர். சிரிப்பொலி வீதிவரை கேட்டது. நிர்வாகத்திலிருந்த மூத்தவர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள் நேரிலேயே வந்து விட்டார்.

"என்ன ஹஜ்ரத், இது ஓதுற இடமா, விளையாட்டுக் கூடமா? நாங்க படிச்ச காலத்துல பிரம்பு பேசும், புள்ளைங்க பேசாது. மரியாதைன்னு ஒண்ணு வேண்டாமா?"

அவருடைய கவலையில் நியாயம் இருந்தது. ஓதும் இடத்துக்குரிய கண்ணியத்தை எண்ணியே அவர் பேசினார். நான் எதிர்வாதம் செய்யாமல், "உட்காருங்க ஹாஜியார். ஒரு ஆட்டம் மட்டும் பார்த்துட்டுப் போங்க" என்று பாயை விரித்தேன். பிள்ளைகள் ஓரணியில் எழுத்து வைப்பதும், மறு அணியில் ஒரே ஒரு கொட்டையை நகர்த்தி அதனை வேறெழுத்து ஆக்குவதுமாக ஆட்டம் நடந்தது. பிழையாக வைத்தால் எதிரணி சிரிக்காமல் திருத்திக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அவ்விதியை உண்டாக்கியவன், வாய் பேசாதிருந்த அதே சிறுவன்தான்.

பெரியவர் சிறிது நேரம் மௌனமாய்ப் பார்த்திருந்தார். பின்பு, தம் பாட்டியார் அரபுத் தமிழில் எழுதிய நூல்களைச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து வாசிப்பதைச் சிறு வயதில் கேட்டிருப்பதாகச் சொன்னார். அதுவே நான் எதிர்பார்த்த வாயில். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுத முற்பட்டபோது, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு என்ன செய்தார்கள்? புதிய எழுத்து ஒன்றையும் வானத்திலிருந்து வரவழைக்கவில்லை. கையிலிருந்த எழுத்துகளின் மீதே புள்ளியும் குறியும் கூட்டி வேண்டிய எழுத்துகளை ஆக்கிக் கொண்டார்கள்.

"இருந்ததை வைத்து இல்லாததை ஆக்கியவங்கதானே அவங்க, ஹாஜியார்? இந்தப் பிள்ளைகளும் அதைத்தான் செய்யுறாங்க" என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போகும்போது வாசலில் கிடந்த ஒரு கொட்டையைக் குனிந்து எடுத்துப் பிள்ளைகள் பக்கம் உருட்டி விட்டார். "ஓதுற நேரம் வேற, இது வேறன்னு வச்சுக்கோங்க" என்பது மட்டுமே அவர் இட்ட நிபந்தனை. அது நல்ல நிபந்தனையே. வேத வசனம் ஓதும் நேரத்தில் அமைதியும் ஒழுங்கும். அதற்கு முன் அரை மணி நேரம் கொட்டையும் அட்டையும் என்று அன்று முதல் வகுத்துக் கொண்டோம்.

அல்ஹம்ராவின் சுவர்

ஹாலந்து நாட்டு ஓவியர் எஷர் (1898 - 1972) என்பவரைப் பற்றி இவ்விடத்தில் சொல்லத் தோன்றுகிறது. ஸ்பெயின் நாட்டுக் கிரானடாவில் முஸ்லிம் மன்னர்கள் எழுப்பிய அல்ஹம்ரா மாளிகைக்கு அவர் 1922 இல் ஒரு முறையும், 1936 இல் மீண்டும் ஒரு முறையும் சென்றார். இரண்டாம் முறை மனைவியாருடன் நாள்கணக்கில் அங்கு அமர்ந்து, சுவரில் பதித்த ஓடுகளின் கோலங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து கொண்டார். இடைவெளியும் இன்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறுதலும் இன்றி, ஒரே வடிவம் சுவர் முழுவதையும் நிரப்பும் அந்த விந்தை அவரை விடவே இல்லை. பறவையும் மீனும் பல்லியும் ஒன்றோடொன்று பொருந்தித் தாளை நிரப்பும் அவருடைய புகழ்பெற்ற ஓவியங்களுக்கு அதுவே ஊற்றாயிற்று.

அந்தச் சுவரைச் செய்த கைவினைஞர்களின் கையில் இருந்தவை அளவுகோலும் கவராயமும் சில வண்ண ஓடுகளுமே. உருவம் தீட்டாமல் வடிவங்களைக் கொண்டே அழகு செய்ய முற்பட்ட அவர்கள் வட்டத்தைப் பிரித்தனர், நட்சத்திரம் பிறந்தது. நட்சத்திரங்களை இணைத்தனர், இடையிலே வேறொரு வடிவம் தானாக எழுந்தது. அறுநூறு ஆண்டுகள் கழித்து வந்த ஓவியரையும் அந்த ஆட்டம் தன்னுள் இழுத்துக் கொண்டது.

அல்ஹம்ராவின் படம் ஒன்றை மக்தபில் காட்டினேன். நம் சிறுவன் அதனை உற்றுப் பார்த்தான். மறுநாள் முற்றத்தில் கொட்டைகளால் ஒரு வரிசை அமைத்திருந்தான்: மூன்று, ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்று, இரண்டு. அதன் கீழே அதே வரிசை ஓரடி தள்ளித் தொடங்கியது. இப்படியே எட்டு வரிசைகள். தள்ளித் தள்ளித் தொடங்கியதால், சாய்வாக ஓர் அலை எழுந்து ஓடியது. நான் அதனை அப்படியே கட்டத் தாளில் பெயர்த்தெழுதி, அவன் தாயாரிடம் கொடுத்து, "இதைப் பாயின் கரையில் நெய்ய முடியுமாம்மா?" என்று கேட்டேன்.

அவர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "முடியும் ஹஜ்ரத். இழை எண்ணிக்கை சரியா வருது. யார் போட்டது?" என்றார்.

"உங்க மகன்தான்" என்றேன்.

அவர் முகத்தில் அப்போது தோன்றியதை எழுத எனக்குச் சொல்வன்மை போதாது.

அவ்வாண்டுப் பெருநாளுக்குப் பின் ஒரு திருமண வீட்டார் அந்தக் கரையிட்ட பாயை விரும்பி வாங்கினர். இன்னும் இரண்டு வீட்டார் அதே போன்று கேட்டனர். பெரும் செல்வம் ஒன்றும் வந்து விடவில்லை. தவணை முடிந்தும் கடையைப் பற்றிய பேச்சை அந்தத் தாய் எடுக்கவில்லை என்பதே எனக்குப் போதுமானதாய் இருந்தது. சிறுவன் இன்றும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தொட்டு, புள்ளிகளை எண்ணிக் கொண்டு. ஆனால் வாசிக்கிறான். புதிதாகச் சேரும் சின்னஞ்சிறாருக்குக் கொட்டையாட்டம் கற்பிக்கும் பொறுப்பும் இப்போது அவனுடையதே.

இல்லத்தாருக்குச் சில சொற்கள்

அன்புத் தாய்மார்களே, தந்தையர்களே! விலை உயர்ந்த பொம்மைகளை வாங்கித் தர இயலவில்லையே என்று வருந்தாதீர்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்ற அரவிந்த் குப்தா என்பவர், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் கொண்டே முக்கோணமும் நாற்கரமும் கட்டிக் காட்டி, பழைய செய்தித்தாளும் உடைந்த பேனாவும் கொண்டே நூற்றுக்கணக்கான அறிவியல் பொம்மைகளைச் செய்து, நாடெங்கும் குழந்தைகளுக்குக் கற்பித்து வருபவர். 2018 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. வால்வு டியூப்பில் கோத்த முக்கோணம் அசையாமல் நிற்பதையும், நாற்கரம் சாய்ந்து போவதையும் ஒரு குழந்தை தன் விரலால் உணர்ந்துவிட்டால், நம் வீட்டுக் கூரையின் சட்டங்கள் ஏன் முக்கோணமாய் அமைந்துள்ளன என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் பிள்ளை பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்து அடுக்கிக் கொண்டிருந்தால், 'வேலையற்ற வேலை' என்று கலைத்து விடாதீர்கள். அவன் செய்து கொண்டிருப்பது பெரிய வேலை. பெண் குழந்தை பக்கத்து வீட்டு வாசலில் இட்ட புள்ளிக் கோலத்தை நின்று எண்ணிக் கொண்டிருந்தால், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். எத்தனை புள்ளிகள் என்று நீங்களும் கேளுங்கள். மருதாணி இடும்போது, 'இந்தக் கையில் இருப்பதே அந்தக் கையிலும் வர என்ன செய்யலாம்?' என்று வினவுங்கள். உடைந்த பொருளைக் குப்பையில் இடுமுன், 'இது வேறு எதற்கு உதவும்?' என்று இரவு உணவின்போது ஒரு வினா எழுப்புங்கள். விடை எவ்வளவு வேடிக்கையாய் இருந்தாலும் சிரித்து ஒதுக்காமல் செவி கொடுங்கள். ஒரேயோர் எச்சரிக்கை: கைக்குழந்தைகள் இருக்கும் வீட்டில் கொட்டைகளையும் பொத்தான்களையும் ஆட்டம் முடிந்ததும் எண்ணிப் பெட்டியில் பூட்டுங்கள், அவை வாய்க்குள் போனால் ஆபத்து.

பெரியவர்களாகிய நமக்கும் இது பொருந்தும். தையல் எந்திரத்தின் முன் அமரும் சகோதரி, மிஞ்சிய துணித் துண்டுகளை ஒரு நாளேனும் மேசைமேல் பரப்பி, எதனோடு எது சேர்கிறது என்று பார்க்கட்டும். கடை வைத்திருக்கும் சகோதரர், சரக்கை அடுக்கும் ஒழுங்கில் ஒரே ஒரு பொருளை இடம் மாற்றி வைத்து, வாடிக்கையாளரின் கண் எங்கே போகிறது என்று கவனிக்கட்டும். புள்ளி ஒன்று இடம் மாறினால் எழுத்தே மாறுகிறது. நம் அன்றாட வேலையும் அவ்வாறே.

தங்கள் இல்லத்தின் பழைய கெண்டியோ முறமோ அஞ்சறைப் பெட்டியோ இன்று தங்கள் கைக்கு வரும்போது, அதனைச் செய்த பெயர் தெரியாத அந்த மனிதருக்காக ஒரு கணம் நின்று பாருங்கள். அருகில் ஒரு குழந்தை இருந்தால், அதன் கையிலும் கொடுத்துப் பாருங்கள். அக்குழந்தை கேட்கும் முதல் கேள்வியிலேயே தங்களுக்கு ஒரு புதிய கருத்துக் கிடைக்கக் கூடும்.